பட்டாளத்து ரெக்கார்டில் மனைவி பெயரைத் திருத்துவது எப்படி: ரிசர்விஸ்ட் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவுக்கு இப்போது 83 வயது. சில வருடம் பட்டாளத்தில் நேரடிப் பணியான கலர் சர்வீஸ், அப்புறம் ஊருக்கு வந்து, கூப்பிட்டால் போக வேண்டிய ரிசர்வ் சர்வீஸ், இரண்டும் சேர்ந்து 15 வருடம், அதற்கு ரிசர்விஸ்ட் பென்ஷன். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் இப்படி ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். பென்ஷன் மாதாமாதம் வங்கியில் விழுந்துகொண்டிருந்ததால் நாங்கள் யாரும் காகிதங்களைப் புரட்டிப் பார்த்ததே இல்லை. ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் முறைக்குப் பென்ஷன் மாறியபோது விவரங்களை அச்சடித்துக் கொண்டுவந்தேன். அதில் மனைவி பெயர் என்ற இடத்தில் எங்கள் வீட்டில் இல்லாத ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. வாசித்துக் காட்டியதும் அம்மா கேட்டது: "யாருய்யா இவ, எனக்குத் தெரியாம?"

அன்றைக்குச் சிரித்தோம். அந்தப் பெயரைத் திருத்த எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அதில் நான்கு மாதம் நானே செய்த தப்புகளால் வீணானது. அந்த நான்கு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டாளத்துக்காரர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். அவர் போடும் ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை இது. அவர் போன பிறகு, "நான்தான் அவர் மனைவி" என்று எழுபது எண்பது வயது அம்மா தாலுகா ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்து நிரூபிக்க வேண்டியிருக்கும். குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 9000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. பெயர் ஒட்டவில்லை என்றால் அந்தப் பணம் நிற்கும்.

1. எங்கே என்ன தப்பு என்று முதலில் கண்டுபிடியுங்கள்

ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எல்லாக் காகிதங்களையும் தரையில் பரப்புங்கள்: பட்டாளத்திலிருந்து விடுபடும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணையான பிபிஓ, பிபிஓவுக்குப் பிறகு வந்த திருத்த ஆணைகள், ஸ்பர்ஷ் அச்சு, இருவரின் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் அட்டை இருந்தால் அதுவும். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் அப்பா பெயர், அம்மா பெயர், இருவரின் பிறந்த தேதி எப்படி இருக்கிறது என்று ஆங்கில எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

எழுத்துக்கு எழுத்து என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் சரியாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ழ' ஒரு தாளில் 'எல்' ஆகியிருக்கும், இன்னொன்றில் 'இசட் எச்' ஆகியிருக்கும். 'அம்மாள்' என்பதில் கடைசி 'எல்' ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. பேச்சியம்மாள் பிச்சையம்மாள் ஆகிவிடுவதெல்லாம் சாதாரணம். தமிழ் தெரியாத ஒரு கிளார்க் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். அப்பாவும் அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்.

ரிசர்விஸ்ட் குடும்பங்களில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பணியில் இருக்கும் சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனால் அவருடைய யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவை வெளியிடும். மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் பதிவேட்டில் ஏறுவது அதன் வழியாகத்தான். அப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது ரிசர்வில் ஊரில் இருந்த காலத்தில். பக்கத்தில் யூனிட்டும் இல்லை, கிளார்க்கும் இல்லை. ரிசர்விலிருந்து விடுபட்டபோது நிரப்பிய பென்ஷன் படிவத்தில் யாரோ எழுதியதே முதலும் கடைசியுமான பதிவாகிவிட்டது. உங்கள் வீட்டுக் கல்யாணம் எந்தக் காலத்தில் நடந்தது என்று பாருங்கள். ரிசர்வ் காலம் என்றால் பெயர் தப்பாக இருக்கலாம், பெயரே ஏறாமலும் இருக்கலாம்.

பழைய பிபிஓக்கள் பலவற்றில் குடும்ப ஓய்வூதியம் என்ற வரியே இருக்காது. அதை 'ஜாயிண்ட் நோட்டிஃபிகேஷன்' என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பெயர் திருத்தம் கேட்கும் அதே விண்ணப்பத்தில் இதையும் ஒரு பத்தியாக எழுதிவிடுங்கள். இரண்டு தடவை அலைய வேண்டாம்.

2. உங்களுக்கு வேண்டியது திருத்தமா, மாற்றமா?

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அம்மா பிறந்ததிலிருந்து ஒரே பெயர்தான், பதிவேட்டில் தப்பாக ஏறிவிட்டது என்றால் அது பெயர்த் திருத்தம். கல்யாணத்துக்குப் பிறகோ, ஜாதகம் பார்த்தோ, வேறு காரணத்துக்காகவோ புதுப் பெயர் வைத்துக்கொண்டார் என்றால் அது பெயர் மாற்றம். மாற்றம் என்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்ட நகல் வரைக்கும் கேட்பார்கள். திருத்தத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

நான் போன நோட்டரி ஆபீஸில் பிரமாணப் பத்திரம் ஏற்கெனவே ஒரு அச்சில் தயாராக இருந்தது. "என் பெயரை இன்ன பெயரிலிருந்து இன்ன பெயராக மாற்றிக்கொண்டேன்" என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். நானும் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்கி வந்தேன். ஏழு வாரம் கழித்து, பணிப் பதிவேட்டை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து பதில் வந்தது: பெயர் மாற்றத்துக்கான அரசிதழ் நகலை இணைக்கவும். அந்தப் பதிலில் தப்பே இல்லை, நாங்கள் எழுதிக் கொடுத்ததற்குத்தான் பதில் சொல்லியிருந்தார்கள். மறுபடி முதலிலிருந்து.

உங்கள் பத்திரத்தில் இந்தக் கருத்து இருக்க வேண்டும்: "என் மனைவியின் உண்மையான பெயர் இது. என் பணிப் பதிவேட்டில் தவறுதலாக இப்படிப் பதிவாகியுள்ளது. இரண்டு பெயரும் ஒரே நபரையே குறிக்கும். எனக்கு வேறு மனைவி இல்லை." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அவர்களுடைய சந்தேகமே அங்கேதான் இருக்கிறது.

பிறந்த தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பட்டாளத்துக்காரரின் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். சேர்ந்த அன்று எழுதியதுதான், ஓய்வுக்குப் பிறகு அதைத் தொட மாட்டார்கள். ஆதாரில் வேறு தேதி இருந்தால், ஆதாரைப் பதிவேட்டுக்குத் தகுந்தபடி மாற்றப் பாருங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், ஆகவே போகும்முன் தேதியை இரண்டு தடவை சரிபாருங்கள். மனைவியின் பிறந்த தேதி வேறு கதை. அது பல பதிவேடுகளில் வெறுமையாகவே இருக்கும், சான்று கொடுத்துச் சேர்க்கலாம். அதைச் சேர்ப்பதில் காசும் இருக்கிறது: 80 வயது முடிந்தால் பென்ஷன் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100-இல் இரட்டிப்பு. குடும்ப ஓய்வூதியத்துக்கும் இதே கணக்குதான். தேதி இல்லையென்றால் அம்மாவுக்கு 80 ஆனது யாருக்கும் தெரியாது.

3. எந்த ரெக்கார்ட் ஆபீஸ்?

திருத்தம் நடக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அவர் இருந்த ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீஸ். வங்கியில் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை, ஸ்பர்ஷ் மையத்திலும் முடியாது. முகவரி, கைப்பேசி எண் போன்றவற்றை ஸ்பர்ஷில் நாமே மாற்றலாம். பெயர், பிறந்த தேதி, குடும்ப விவரம் என்றால் வேர் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கிறது. நான் முதல் ஒரு மாதம் வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் அலைந்தேன், வேரை விட்டுவிட்டு இலைக்குத் தண்ணீர் ஊற்றிய கதை.

டிஸ்சார்ஜ் புக்கின் முன்பக்கத்திலேயே ரெஜிமெண்ட் பெயர் இருக்கும். நம் பக்கத்து ஆட்கள் அதிகம் இருப்பவை: மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். மதராஸ் எஞ்சினியர் குரூப், அதாவது எம்இஜி என்றால் பெங்களூரு. பீரங்கிப் படை நாசிக் ரோடு. சிக்னல்ஸ் ஜபல்பூர். மின், இயந்திரப் பொறியாளர் பிரிவான இஎம்இ செகந்திராபாத். கார்ட்ஸ் ரெஜிமெண்ட் நாக்பூர் பக்கம் காம்டி. ஓய்வுக்குப் பிறகு பாதுகாப்புக் காவல் படையான டிஎஸ்சியில் சேர்ந்து இரண்டாவது பென்ஷன் வாங்குபவர்களுக்குக் கண்ணூர் ரெக்கார்ட்ஸும் உண்டு, இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை.

பிராந்திய ராணுவமான டிஏவில் இன்னும் பெயர் இருக்கிறவர்கள் நேராக ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டாம். உங்கள் பட்டாலியன் ஆபீஸ்தான் பார்ட் டூ ஆர்டர் போடும். அடுத்த பயிற்சிக்குப் போகும்போது தாள்களைக் கையோடு கொண்டுபோய் வேலையை முடித்துவிடுங்கள். விட்டால் அடுத்த அழைப்பு வரை காத்திருக்க வேண்டும்.

வெலிங்டன் மட்டும் நமக்கு நேரில் போய்வரும் தூரம். ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ், அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர், குன்னூரிலிருந்து வெலிங்டன் கூப்பிடு தூரம். சொந்தக் கார் எடுத்தால் நீலகிரிக்கு இ-பாஸ் பதிவு செய்ய வேண்டும், அரசு பஸ்ஸுக்குத் தேவையில்லை. இராத்திரி கிளம்பினால் காலையில் ஆபீஸ் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். வயதானவரைக் கூட்டிப்போவதாக இருந்தால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் அடையாள அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. மற்ற ஊர்களுக்குத் தபால்தான், அலைய வேண்டாம்.

4. சேர்க்க வேண்டிய தாள்கள்

ஆபீஸுக்கு ஆபீஸ் கொஞ்சம் மாறும். எங்களிடம் கேட்டவை இவை:

அப்பா கையெழுத்திட்ட விண்ணப்பம். கைநடுக்கத்தால் கையெழுத்து மாறியிருந்தால் கைரேகை வைத்து இரண்டு சாட்சி போடுங்கள்.
டிஸ்சார்ஜ் புக் எல்லாப் பக்கங்களின் நகல். வெற்றுப் பக்கம் என்று எதையும் விடாதீர்கள்.
பிபிஓ நகல், திருத்த ஆணைகள் இருந்தால் அவையும்.
இருவரின் ஆதார், பான் நகல்.
அம்மாவின் பிறந்த தேதிச் சான்று. பள்ளிக்கூடம் போயிருந்தால் பள்ளிச் சான்று வலுவானது.
பென்ஷன் விழும் கணக்கின் பாஸ்புக் முதல் பக்கம்.
இருவரும் சேர்ந்து நிற்கும் போட்டோ.
பிரமாணப் பத்திரத்தின் அசல்.
பெயர்த் திருத்தம் பற்றி நாம் கொடுக்கும் பேப்பர் விளம்பரம் வந்த முழுப் பக்கம்.

விண்ணப்பம் அனுப்பும் முன் ஆதாரையும் பானையும் ஒன்றாக்கிவிடுங்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பானில் ஒரு மாதிரி இருந்தால் எதற்குத் தகுந்தபடி பதிவேட்டைத் திருத்துவது என்று அவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆதார் மையத்தில் பெயர், தேதி போன்ற விவரம் திருத்த 75 ரூபாய் கட்டணம். பெயர் திருத்தத்துக்கு வாழ்நாளில் இரண்டு வாய்ப்புதான்.

கல்யாணச் சான்று கேட்டால் பயப்படாதீர்கள். நம் அம்மா அப்பா காலத்துக் கல்யாணம் எதுவும் பதிவானதில்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டமே 2009-இல் வந்ததுதான். பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றில் இருக்கும் தாய் பெயர் இவற்றை இணைத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போடாத பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த பழைய ரேஷன் கார்டுதான் பெரிய உதவி.

டிஸ்சார்ஜ் புக் தொலைந்துபோயிருந்தால் முதலில் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தொலைந்த ஆவண அறிக்கை பதிவு செய்யுங்கள். ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டியதில்லை. அந்த அறிக்கையோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினால் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வாங்கிய பிறகு பெயர் திருத்தத்துக்கு வாருங்கள், இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

பென்ஷன் இல்லாமல் இடையில் வந்தவர்களின் குடும்பங்கள் தள்ளிப்போடவே கூடாது. பென்ஷன் இல்லாதவர்களின் பணி ஆவணங்களை 25 வருடம் வரைதான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள். 'லாங் ரோல்' என்ற பேரேட்டில் பெயர், எண், சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி போன்ற கொஞ்ச விவரம் மட்டும் மிஞ்சும்.

5. பத்திரமும் விளம்பரமும்

முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம். தமிழ்நாட்டில் 2024-இல் இதற்கான கட்டணம் 20 ரூபாயிலிருந்து 200 ஆகிவிட்டது, வீட்டில் கிடக்கும் பழைய 20 ரூபாய்த் தாளைக் கொண்டுபோகாதீர்கள். கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம், நோட்டரி கையெழுத்து போதுமா, மாஜிஸ்திரேட் முன்னால்தான் எழுத வேண்டுமா என்பது. எங்களிடம் மாஜிஸ்திரேட் என்றார்கள். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் எங்கே இருந்தாலும் பக்கத்துக் கோர்ட்டிலேயே ஒரு வக்கீல் வழியாக முடியும். அப்பாவும் அம்மாவும் நேரில் போக வேண்டும், அதனால் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். எங்களுக்கு அரை நாள் ஆனது.

பேப்பர் விளம்பரம் இரண்டு: ஒன்று ஆங்கில நாளிதழ், ஒன்று தமிழ் நாளிதழ். மதுரைப் பதிப்பு போதும், தமிழ்நாடு முழுக்கப் போட வேண்டியதில்லை. விளம்பர ஏஜெண்ட் அதையும் இதையும் சொல்லிக் காசு கூட்டப் பார்ப்பார். விளம்பரத்தில் பட்டாள எண், ரேங்க், பெயர், ஊர், தப்பான பெயர், சரியான பெயர், பிரமாணப் பத்திரத்தின் தேதி இவ்வளவும் இருக்க வேண்டும். ஆகவே பத்திரம் முதலில், விளம்பரம் அடுத்து. நான் நேரம் மிச்சம் என்று நினைத்து விளம்பரத்தை முதலில் கொடுத்துவிட்டு, பத்திரத் தேதி இல்லாததால் மறுபடி காசு கட்டினேன். பேப்பர் வந்த அன்று ஐந்து பிரதி வாங்கி வையுங்கள். அடுத்த வாரம் பழைய பேப்பர் கடையில் தேடிக் கிடைக்காது.

அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டாள எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும். அதுவும் எண்ணின் பகுதிதான். அதை விட்டுவிட்டால் கோப்பு வேறு யாரிடமோ போகும். ஒரு சேவை மையத்தில் எனக்கு அந்த எழுத்தைத் தப்பாக அடித்துக் கொடுத்ததில் மூன்று வாரம் போனது. எண், ரேங்க், பெயர் என்ற வரிசையில் ஒவ்வொரு தாளின் வலது மேல் ஓரத்திலும் கையால் எழுதிவிடுங்கள். தாள்கள் பிரிந்து போனாலும் திரும்பச் சேர்ந்துவிடும்.

ரிசர்விஸ்ட்டுகளுக்கு மட்டும் இன்னொரு பொறி. டிஸ்சார்ஜ் புக்கில் இரண்டு தேதி இருக்கும். ரிசர்வுக்கு மாற்றிய தேதி ஒன்று, ரிசர்விலிருந்து விடுவித்த தேதி ஒன்று. படிவத்தில் டிஸ்சார்ஜ் தேதி என்று கேட்டால் இரண்டாவதை எழுதுங்கள். முதலாவதை எழுதினால் 15 வருடம் முடியாதவர் என்று தோன்றி, இவருக்குப் பென்ஷன் எப்படி என்ற கேள்வியில் போய் நிற்கும்.

6. சோல்ஜர் போர்டு வழியாக அனுப்புங்கள்

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தைத்தான் ஊரில் சோல்ஜர் போர்டு என்கிறோம். மதுரையில் உண்டு, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகரிலும் தனித்தனியாக உண்டு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் எதுவோ அங்கே போங்கள். அப்பா வாடிப்பட்டியில் பிறந்து இப்போது நிலக்கோட்டையில் மகளோடு இருக்கிறார் என்றால் திண்டுக்கல்தான். பதிவு அங்கே இல்லையென்றால் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

உதவி இயக்குநரின் முகப்புக் கடிதத்தோடு போகும் விண்ணப்பத்துக்கு மதிப்பு வேறு. ஆள் உயிரோடு இருக்கிறார், இன்னார்தான் என்று ஓர் அரசு அலுவலகம் சொல்லிவிடுகிறது. அங்கே இருப்பவர்களில் பலர் தாங்களே பட்டாளத்தில் இருந்தவர்கள், உங்கள் தாள்கட்டில் என்ன குறைகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது தடவை நான் போனபோது அங்கே இருந்த பெரியவர் ஒருவர் கட்டைப் புரட்டிவிட்டு, "தம்பி, போட்டோல அப்பா மட்டும் நிக்கிறாரு, அம்மா எங்க?" என்றார். கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், வாசலில் நிற்கும் இடைத்தரகருக்கும் கொடுக்காதீர்கள். ஊரிலேயே "நான் முடிச்சுத் தாரேன்" என்று ஐயாயிரம், பத்தாயிரம் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதும் இதே தபாலைப் போடுவதுதான்.

7. அனுப்புவதும் காத்திருப்பதும்

மூன்று கட்டு தயாரியுங்கள்: ஒன்று ரெக்கார்ட் ஆபீஸுக்கு, ஒன்று சோல்ஜர் போர்டில் வைத்துக்கொள்ள, ஒன்று வீட்டுக்கு. வீட்டுக் கட்டில் அசல் பத்திரத்தின் நகலும் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் புக்கின் அசலை எக்காரணம் கொண்டும் தபாலில் அனுப்பாதீர்கள்.

நீங்களே அனுப்புவதானால் ஸ்பீடு போஸ்ட். பழைய ரிஜிஸ்டர்டு போஸ்ட் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது, கவுண்டரில் அதைக் கேட்டு நிற்க வேண்டாம். ரசீதை உடனே போட்டோ எடுங்கள். அந்த எழுத்து இரண்டு மாதத்தில் மங்கிவிடும்.

எங்களுக்கு ஆன காலம், சரியாக அனுப்பிய இரண்டாவது தடவையைக் கணக்கில் எடுத்தால்: ரெக்கார்ட் ஆபீஸின் முதல் பதில் ஐந்து வாரத்தில், பதிவேட்டில் திருத்தம் ஏறிய கடிதம் அதற்கு ஆறு வாரம் கழித்து, பென்ஷன் ஆணையில் திருத்தம் வர இன்னும் இரண்டரை மாதம். செலவு: முத்திரைத்தாள், வக்கீல், இரண்டு விளம்பரம், நகல், தபால், போக்குவரத்து எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துச் சொச்சம். அதில் பாதிக்கு மேல் விளம்பரம்தான். இரண்டு தடவை போட்டேன் அல்லவா. உங்களுக்கு நாலாயிரத்துக்குள் முடிய வேண்டும்.

8. திருத்தம் வந்துவிட்டது, வேலை முடியவில்லை

ரெக்கார்ட் ஆபீஸ் கடிதம் வந்ததும் ஊரில் சாக்லேட் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கடிதம் பதிவேட்டில் மாறியது என்று மட்டும்தான் சொல்கிறது. பென்ஷன் ஆணையைத் திருத்தி வெளியிடுவது பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புக் கணக்குத் துறையின் பென்ஷன் அலுவலகம். அங்கிருந்து 'கார்ரிஜெண்டம்' என்ற திருத்தப் பிபிஓ வர வேண்டும், அது ஸ்பர்ஷில் தெரிய வேண்டும். உள்ளே போய் மனைவி பெயர் மாறிவிட்டதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். மாறவில்லை என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் கடிதத்தை இணைத்து ஸ்பர்ஷிலேயே கோரிக்கை பதிவு செய்யுங்கள். ஆன்லைன் கைவராதவர்கள் பாதுகாப்புத் துறை பென்ஷன் வழங்கும் மதுரை டிபிடிஓ அலுவலகத்திலோ பொதுச் சேவை மையத்திலோ செய்துகொள்ளலாம்.

வந்த புதிய ஆணையிலும் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். எங்களுக்குப் பெயர் சரியாக வந்தது, அம்மாவின் பிறந்த வருடத்தில் ஓர் எண் தப்பு. உடனே எழுதியதால் மூன்று வாரத்தில் சரியானது.

அடுத்து வரிசையாக: சோல்ஜர் போர்டில் அம்மாவின் பெயர்ப் பதிவு, சார்ந்தோர் அடையாள அட்டை, இசிஎச்எஸ் அட்டை, வங்கியில் பென்ஷன் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது. இவற்றுக்கெல்லாம் புதிய பிபிஓ நகல் ஒன்றே போதும்.

வீட்டில் மாற்றுத்திறனாளியான மகனோ மகளோ இருந்தால், கணவரை இழந்து திரும்பி வந்த மகள் இருந்தால், அவர்கள் பெயரும் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று இந்தச் சாக்கில் பாருங்கள். பெற்றோர் இருவருக்கும் பிறகு குடும்ப ஓய்வூதியம் அவர்களுக்குப் போக வாய்ப்புண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு மருத்துவச் சான்று வேண்டும், அதையும் அப்பா இருக்கும்போதே ஏற்றிவிடுவது நல்லது.

9. பதிலே வரவில்லை என்றால்

இரண்டு மாதம் பொறுங்கள். அப்புறம் ஒரு நினைவூட்டல் கடிதம், முதல் தபாலின் ரசீது நகலோடு. அதற்கும் ஒரு மாதம் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்திலேயே கட்டலாம், தபாலில் என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியை "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. "இன்ன தேதியில் பெறப்பட்ட விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் வேண்டும்", "என் பணிப் பதிவேட்டில் குடும்ப விவரப் பக்கத்தின் நகல் வேண்டும்" என்று ஆவணமாகக் கேளுங்கள். அந்தப் பக்கத்தின் நகல் கைக்கு வந்தால் என்ன எழுதியிருக்கிறது என்ற ஊகமெல்லாம் தீர்ந்துவிடும். உண்மையில் இதை முதல் வேலையாகவே செய்திருக்கலாம் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மத்திய அரசின் சிபிகிராம்ஸ் குறைதீர் தளத்திலும் முன்னாள் படைவீரர் நலத் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதியலாம், செலவில்லை. பாதுகாப்புத் துறை பென்ஷன் அதாலத் என்ற குறைதீர் முகாம் நம் பக்கம் நடக்கும்போது சோல்ஜர் போர்டில் சொல்வார்கள், கட்டோடு போங்கள். எழுத்தில் மறுத்துவிட்டால் சென்னையில் இருக்கும் ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் இருக்கிறது. மறுப்பு உத்தரவு வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், ஆகவே மறுப்புக் கடிதத்தின் உறையையும் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். பெயர்த் திருத்தத்துக்கு அவ்வளவு தூரம் போனவர்களை நான் பார்த்ததில்லை.

10. பட்டாளத்துக்காரர் இறந்துவிட்டால்

அப்போதும் வழி உண்டு, நீளம் கூடுதல். விண்ணப்பமும் பத்திரமும் அம்மா பெயரில் இருக்கும். கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போகும். விஏஓ விசாரிக்க வரும்போது வீட்டில் ஆள் இருங்கள். இந்த இரண்டு சான்றிலும் அம்மா பெயர் ஆதாரில் இருப்பது போலவே இருக்க வேண்டும். அப்பா பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் இருப்பது போல இருக்க வேண்டும். பட்டாளத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், ஊரில் முன்னால் இருக்கும். இறப்பைப் பதிவு செய்யப் போகும் அவசரத்தில், துக்க வீட்டில், யாரும் இதை நினைக்க மாட்டோம். பங்காளியோ மாமாவோ வாயால் சொன்ன பெயர்தான் சான்றில் ஏறும். அதனால் டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்க நகல் ஒன்றை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. எதற்கு அங்கே என்று அப்பா கேட்கவில்லை.

லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அசலில் முத்திரை குத்த வேண்டி வந்தால் பிளாஸ்டிக்கைப் பிரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.